குளிர் காத்த உத்திரங்கள்

ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் அண்ணாந்தும் பார்க்கலாம். அங்கே கூரையைத் தாங்கி நிற்கும் உத்திரங்கள் நீலகிரியில் வெட்டிய மரங்கள் அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து பெயர்த்தெடுத்து, ரயிலும் லாரியும் இல்லாத காலத்தில் மலையேற்றிக் கொண்டுவந்த தேக்கு அது. தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23 அன்று. வழிபாட்டுக்குத் திறந்தது 1831 ஈஸ்டர் ஞாயிறன்று. அரண்மனையில் இருந்த காலத்தையும் சேர்த்தால் அந்த மரங்களின் உழைப்பு இருநூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

இதைப் பற்றி யாரிடம் பேசினாலும், "அந்தக் காலத்துத் தேக்கு, சும்மாவா?" என்பார்கள். அது பாதி விடை. தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கறையானுக்கு அது ஆகாது. மரம் தன் நடுப்பகுதியைக் கறையானும் பூஞ்சையும் அரிக்காமல் இருக்கத் தானே தயாரித்துச் சேர்த்துவைத்த மருந்து என்று அதைச் சொல்லலாம். ஆனால் அது வைரத்தில்தான் இருக்கும், வெளிறில் இருக்காது. இன்று கடைகளில் தேக்கு என்று வாங்கும் இளமரச் சட்டங்களில் வெளிறு பாதிக்குப் பாதி இருப்பதும் உண்டு. "தேக்குதான் போட்டேன், அதையும் அரித்துவிட்டதே" என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் போட்டதில் பாதிதான் தேக்கின் குணம் கொண்ட மரம்.

மீதிப் பாதி விடை மரத்தில் இல்லை, மலையில் இருக்கிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அந்தக் குளிர் பல தலைமுறைகளாக இங்கே யாரும் சம்பளம் கொடுக்காத காவலாளியாக நின்றிருக்கிறது. நீலகிரியில் கட்டடத்தைக் கறையானிடமிருந்து காப்பது பற்றி யோசிக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் காவல் எதுவரை செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான்.

எறும்பு அல்ல

வெள்ளை எறும்பு என்று ஆங்கிலேயர் அழைத்த இந்தப் பூச்சிக்கு எறும்போடு எந்த உறவும் இல்லை. எறும்பு, குளவி தேனீக்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. கறையானோ கரப்பான் பூச்சியின் வம்சம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2007-இல் மரபணுக்களை ஒப்பிட்டு, கறையானைத் தனி வரிசையாக வைத்திருந்த பழைய வகைப்பாட்டைக் கலைத்துவிடலாம், அவை கூடி வாழப் பழகிய கரப்பான்களே என்று எழுதினார்கள். இன்றும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பான் இனம் மக்கும் மரத்துக்குள் குடும்பமாக வாழ்ந்து, மரத்தையே தின்கிறது. இரண்டுக்கும் பொதுவான மூதாதை எப்படி வாழ்ந்திருக்கும் என்பதற்கு அதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல சாட்சி.

கறையானை முதன்முதலாக அறிவியல் கண்ணோடு பார்த்து எழுதியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில்தான் வேலை செய்தார். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர், லின்னேயஸின் மாணவர், 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தவர். தஞ்சாவூர்ப் பகுதியின் புற்றுகளை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1779-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு இரண்டு ஆண்டு பிந்தியது. உலகப் பாடநூல்களில் ஸ்மீத்மனுக்குக் கிடைத்த இடம் கோனிக்குக்குக் கிடைக்கவில்லை. நம் பாடநூல்களிலாவது கொடுக்கலாம்.

புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாக, பழுப்பு நிறத்தில் ஒரு பொருள் அறை அறையாக அடுக்கியிருக்கும். அதுதான் காளான் தோட்டம். நம் ஊர் வயல்களிலும் தோப்புகளிலும் சாதாரணமாகப் புற்று வைக்கும் ஓடன்டோடெர்மிஸ் வகைக் கறையான்கள் மரத்தையும் சருகையும் தின்று அரைகுறையாகச் செரித்துக் கழிக்கின்றன. அந்தக் கழிவையே அடுக்கி அதன்மேல் டெர்மிட்டோமைசிஸ் என்ற காளானை வளர்க்கின்றன. மரத்தில் எளிதில் செரிக்காத பகுதிகளைக் காளான் உடைத்துக் கொடுக்கிறது. பிறகு காளானையும் பழைய அடுக்கையும் சேர்த்துத் தின்கின்றன. மழைக்குப் பிறகு புற்றின் மேல் முளைத்து, கிராமத்தில் ஆளுக்கு ஆள் போட்டி போட்டுப் பறிக்கும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்தின் பூ.

காளான் வளர்க்காத கறையான்களும் இருக்கின்றன. கட்டடங்களுக்குப் பெரிய எதிரிகளான கோப்டோடெர்மிஸ், ஹெட்டிரோடெர்மிஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. அவற்றின் குடலில் ஒருசெல் உயிரிகளும் பாக்டீரியாக்களும் நெருக்கியடித்துக் குடியிருந்து மரநாரை உடைத்துத் தருகின்றன. பிறக்கும் குஞ்சின் குடலில் இந்த உயிரிகள் இல்லை. மூத்தவற்றின் ஆசனவாயிலிருந்து வரும் நீர்மத்தை உண்டுதான் குஞ்சு அவற்றைப் பெறுகிறது. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் குடலின் உட்தோலும் உரிந்துபோவதால் மறுபடி கடன் வாங்க வேண்டும். தனியாக வாழ்ந்தால் பட்டினிதான். கறையான் கூடி வாழ ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். கேட்க அருவருப்பாக இருந்தாலும் இந்தச் செய்தி கட்டடக்காரருக்கும் உதவுகிறது. ஒன்று தின்றதை ஊரே பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தைத்தான் நவீன இரைப்பொறிகள் பயன்படுத்திக்கொள்கின்றன. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஈசல் பறப்பது கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும். பறந்து, இறகுதிர்த்து, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து மண்ணுக்குள் போகும் ஜோடிகளில் பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் இரையாகிவிடும். வறுத்துத் தின்னும் மனிதர்களும் உண்டு. தப்பிப் பிழைக்கும் ஜோடிதான் புதிய குடியின் ராஜாவும் ராணியும். எறும்பிலும் தேனீயிலும் ஆண் ஒருமுறை கூடியதும் செத்துப்போகும். கறையானில் ராஜா ஆயுள் முழுக்க ராணியோடு இருக்கிறது.

இவ்வளவு ஆர்ப்பாட்டமான உயிருக்கு ஒரு பலவீனம்: தோல். மெல்லிய, நிறமில்லாத அந்தத் தோல் ஈரத்தைத் தேக்கிவைக்காது. வெயிலில் போட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து சாகும். சுவரில் கோடு இழுத்ததுபோல் ஏறும் மண் குழாய்கள் அதற்காகத்தான். மண்ணின் ஈரத்தையும் இருட்டையும் கூடவே சுமந்துகொண்டுதான் கறையான் மேலே ஏறுகிறது. மரத்தைத் தேடி வரும் பூச்சி என்று நினைத்துக் கட்டடம் கட்டுகிறவர்கள் மரத்துக்கு மருந்து பூசுகிறார்கள். ஈரத்தை விட்டு விலக முடியாத பூச்சி என்று நினைத்துப் பார்த்தால் வீட்டின் வேறு பகுதிகள் கண்ணில் படும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் 1,850. ஊட்டி 2,240. தொட்டபெட்டா உச்சி 2,637. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி வீதம் வெப்பம் குறையும். மலை ரயில் சில மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்குள் சுமார் 12 டிகிரி செல்சியஸ் குறைந்துவிடுகிறது.

இந்த 12 டிகிரிக்கு என்ன அர்த்தம் என்று புரிய 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு உதவும். ஏமி சான்னியின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரே வகைப் பைன் மரத் துண்டுகளை உலகம் முழுக்க 133 இடங்களில் தரையில் போட்டுவைத்தார்கள். சில துண்டுகள் நெருக்கமான வலைக்குள், சில கறையான் நுழையும்படி ஓட்டை போட்ட வலைக்குள். நுண்ணுயிர்கள் மரத்தை மக்கவைக்கும் வேகம் 10 டிகிரி கூடும்போது இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. கறையான் தின்னும் வேகமோ 6.8 மடங்குக்கு மேல் கூடியது. அந்தக் கணக்கை அப்படியே மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் போட்டால் வித்தியாசம் சுமார் பத்து மடங்கு வருகிறது. மழை, மண், மர வகை எல்லாம் இதை ஏற்றவும் இறக்கவும் செய்யும். எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, போக்கை நம்பலாம்.

உறைபனி கறையானைக் கொல்கிறது என்று பொதுவாக நினைக்கிறார்கள். ஊட்டிக்கு அருகே தலைக்குந்தாவில் மார்கழிக் காலையில் புல் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பனி சில அங்குலத்துக்குக் கீழே இறங்குவதில்லை. தரைக்குக் கீழே ஓரிரு மீட்டரில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். ஊட்டியில் அது 14, 15 டிகிரி. அந்த வெப்பத்தில் பெரும்பாலான வெப்பமண்டலக் கறையான்களுக்குக் குஞ்சு வளர்ப்பு ஓடாது, காளான் தோட்டம் செழிக்காது. ஊட்டியின் உயரத்தில் கறையான் குடியைக் கட்டுப்படுத்துவது ஒரு இரவின் பனி அல்ல, ஆண்டு முழுக்க மாறாத அந்த மந்தமான குளிர்.

குளிர் ஊருக்குத்தான் உண்டு, ஒவ்வொரு சுவருக்கும் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் இதற்கு நல்ல உதாரணம். வடக்கே 53 டிகிரி அட்சரேகையில், கறையான் வாழவே முடியாத குளிரில் இருக்கும் ஊர் அது. அங்கே 1930-களில் அமெரிக்கக் கறையான் இனம் ஒன்று காலூன்றியது. கட்டடங்களுக்கு வெந்நீரும் நீராவியும் கொண்டுபோகும் குழாய்களை ஒட்டிய மண் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் வாழ்ந்தது.

நீலகிரியில் அந்தக் குழாய்க்கு இணையானது தேயிலைத் தொழிற்சாலை. இலை உலர்த்தும் டிரையரின் சூட்டில் கட்டடத்தின் ஒரு பக்கம் எப்போதும் கதகதப்பு. அதன் அடுப்புக்கு விறகு வேண்டும் என்பதால் கற்பூரமரமும் சவுக்கும் பக்கத்திலேயே மலைபோல் அடுக்கிக் கிடக்கும். வெப்பம், ஈரமண், தீனி மூன்றும் ஓரிடத்தில். வீட்டளவில் பார்த்தால் கணப்பு அடுப்பின் பின்சுவர், சமையலறை, வெந்நீர்க் குழாய் போகும் சுவர். ஊட்டியில் செல் பிடித்த வீட்டைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடும் இடங்கள் இவைதான்.

கீழே வரவரக் காவல் தளர்கிறது. கூடலூர் சுமார் ஆயிரம் மீட்டர்தான். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி, குன்னூரின் கீழ்ச்சரிவுகளிலும் சில்வர் ஓக் மரப்பட்டைமேல் மண் பூச்சு ஏறியிருப்பதைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது காய்ந்த பட்டையைச் சுரண்டித் தின்னும் வகை. மரத்துக்குப் பெரிய கேடில்லை. ஆனால் உயிருள்ள தேயிலைச் செடியின் நடுத்தண்டைக் குடைந்து வாழும் கறையான்களும் உண்டு. இலங்கை மலையகத் தேயிலையில் போஸ்ட்எலக்ட்ரோடெர்மிஸ் மிலிடாரிஸ் என்ற இனம் நூற்றாண்டுக்கு மேலாகத் தொல்லை தருகிறது. கவாத்து வெட்டிய காயம் ஆறாமல் அழுகினால், அந்த அழுகலே அதற்கு வாசல். வெட்டை நேர்த்தியாகப் போடுவதும் செத்த கட்டையை நீக்குவதும்தான் அங்கே முதல் மருந்து.

தோட்டத்தில் புற்று எங்கே இருக்கிறது என்று ஆய்வாளரைவிட நன்றாகத் தெரிந்தவை கரடிகள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி தேயிலைக்குள் நடமாடுவது இப்போது செய்தியே அல்ல. நம் கரடிக்கு மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டு கிடையாது. புற்றை நகத்தால் பிளந்து, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். கடைக்குள் புகுந்து எண்ணெயைக் குடிக்கும் கரடியைத்தான் நாம் படம்பிடிக்கிறோம். அதன் பழைய சாப்பாடு புற்றில் இருக்கிறது.

பழி யார்மேல்?

மலை வீடுகளில் மரம் கெட்டுப்போனால் உடனே "செல் பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். குன்னூருக்கு மேலே அந்தத் தீர்ப்பு பல நேரம் தவறு. அங்கே மரத்தின் பெரிய எதிரி பூஞ்சை. ஆளை ஏமாற்றும் இந்தக் குழப்பத்தால் பணம் வீணாகிறது. பூஞ்சைக்குக் கறையான் மருந்து அடித்தால் மருந்துக்காரருக்குத்தான் லாபம்.

பிரித்தறிவது கடினமில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நிலையின் அடிப்பாகத்தில் குத்திப் பாருங்கள். மரம் ஈரமாக, மெத்தென்று, பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்து உதிர்ந்தாலோ, வெளுத்து நார்நாராக வந்தாலோ அது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. மூடுபனி மாதங்களில் காற்றோட்டமில்லாத அறையில் அந்த எல்லையைத் தாண்டுவது எளிது. மேற்பரப்பில் குண்டூசி முனை அளவுக்கு வட்ட ஓட்டைகளும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளு. வண்டுப் புழுவின் வேலை. ஓட்டையே தெரியாமல் மேல்தோல் முழுசாக இருந்து, உள்ளே நரம்போட்டம் போகும் திசையில் அடுக்கடுக்காகக் குடைந்து, சந்துகளில் மண் அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம், மண்ணிலிருந்து ஏறிய கறையான்.

நான்காவதாக ஒன்று உண்டு. மண்ணோடு தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து குடும்பம் நடத்தும் கிரிப்டோடெர்மிஸ். இது எச்சத்தையும் வீணாக்காமல் அதிலுள்ள ஈரம் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டுதான் வெளியே தள்ளும். அதனால் கீழே விழுவது கசகசா அளவில், ஆறு பட்டை கொண்ட உலர்ந்த மணிகள். கடற்கரை ஊர்களில் வாங்கிய பழைய கட்டிலோ அலமாரியோ மலை வீட்டுக்கு வரும்போது அதற்குள் இந்தக் குடும்பமும் வரலாம். சுவரில் எவ்வளவு மருந்து ஏற்றினாலும் இதைத் தொடாது. அந்தச் சாமானை மட்டும் தனியே எடுத்துச் சூடேற்றவோ புகைமருந்து போடவோ வேண்டும்.

மண் குழாய் பழையதா, நடமாட்டம் உள்ளதா என்று அறிய, நடுவில் ஒரு விரல் அகலம் உடைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் போதும். ஈரமண்ணால் ஒட்டுப் போட்டிருந்தால் ஆள் இருக்கிறது.

சரிவில் நிற்கும் வீடு

சமவெளிக்காரருக்கு இல்லாத ஒரு பிரச்சினை மலைவீட்டுக்கு உண்டு. சரிவை வெட்டித்தான் மனை எடுக்க முடியும். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி மேடு கட்டுகிறோம். பின்சுவரை வெட்டுமுகத்தோடு ஒட்டி எழுப்புகிறோம். பின்பக்கத்தில் வெளி மண் உள்தரையைவிட ஆளுயரம் மேலே இருக்கும். ஈரம் சுவர் முழுக்க ஊறும். கறையானுக்குக் குழாய் கட்டும் வேலைகூட மிச்சம். முன்பக்கம் கொட்டிய மண்ணிலோ பிடுங்கிய தேயிலைத் தூர், சில்வர் ஓக் வேர், சென்ட்ரிங் பலகைத் துண்டு எல்லாம் கலந்திருக்கும். தேயிலைக் காட்டை மனையாக்கி விற்ற இடங்களில் இது ரொம்பவே அதிகம். வீட்டுக்கு அடியிலேயே சோறு புதைத்துவைத்த மாதிரி.

வெட்டுமுகத்தைத் தனித் தடுப்புச் சுவரால் தாங்கி, அதில் நீர்க்கசிவுத் துளைகள் விட்டு, வீட்டுச் சுவருக்கும் அதற்கும் இடையில் ஆள் நுழையும் அளவுக்காவது சந்து விட்டு, அடியில் வாய்க்கால் ஓடவிட்டால், எந்த மருந்தும் செய்யாததை அந்தச் சந்து செய்யும். நாலடி நிலம் போகிறதே என்று மனைக்காரர் கணக்குப் பார்ப்பார். பார்க்கட்டும்; பத்து வருடம் கழித்து அலமாரிப் பின்பலகையை மாற்றும் செலவையும் அதே தாளில் எழுத வேண்டும்.

பழைய பங்களாக்களைக் கட்டியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலிகள். பலகைத் தரையை மண்ணிலிருந்து உயர்த்திப் போட்டு, அடியில் காற்று போக ஜாலித் துளைகள் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தத் துளைகளை ஒட்டி ரோஜாப் பாத்தி போட்டார்கள், குளிர் வருகிறதென்று சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். நூறாண்டு தாங்கிய பலகை அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் மக்குகிறது. பழைய வீட்டை வாங்குகிறவர் பெயிண்ட் வாங்குமுன் அந்தத் துளைகளைத் தேடித் திறந்துவிட வேண்டும். சுவரை ஒட்டி அடுக்கிய விறகையும் நகர்த்திவிட வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மழைக்கு நனையாமல் விறகு வைக்க வேறு இடமில்லாததால் சுவரோரம் வைக்கிறார்கள். கல் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கத் தோட்ட நிர்வாகம் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது.

தோடர்களின் பழைய குடில் இதற்கெல்லாம் வேறொரு பதில் வைத்திருந்தது. மூங்கிலும் பிரம்பும் புல்லுமாகக் கட்டிய அரைவட்ட வீடு; உள்ளே எந்நேரமும் புகை; கூரைப் புல்லைக் காலத்துக்குக் காலம் புதுப்பிப்பார்கள். தொடர்ந்து புதுப்பிக்கும் வீட்டைப் பூச்சி அரித்துத் தீர்க்க முடியாது.

மருந்தும் ஓடையும்

மருந்தின் கதையில் இந்தியாவுக்குப் பெருமையான பக்கம் ஒன்று உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றின் உப்புகளைக் கரைத்து அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றும் முறையை 1930-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் சோந்தி காமேசன். பிறகு உலகம் முழுக்க மின்கம்பங்களும் வேலிக்கால்களும் அந்தக் கலவையில் ஊறின. ஆர்சனிக் காரணமாக 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் அது நிறுத்தப்பட்டது. மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை: பச்சை சாயம் ஏறிய பழைய கம்பத்துண்டுகளைக் கணப்பில் போட்டு எரிக்காதீர்கள். ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். வீட்டுக்குள் இருக்கும், மழை படாத மரத்துக்குப் போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசல் போதும். பூஞ்சை, உளு, கறையான் மூன்றையும் தடுக்கும். மழையில் கரைந்துபோகும் என்பதே அதன் குறை.

மண்ணுக்கு ஊற்றும் மருந்துகள் வேறு கதை. ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை பல பத்தாண்டுகள் மண்ணில் அழியாமல் இருக்கும் என்பதற்காகவே கொண்டாடப்பட்டன. அதே காரணத்துக்காகப் பின்னர் தடைசெய்யப்பட்டன. 2001 ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பன்னிரண்டு பெயர்களில் நான்கும் இருக்கின்றன. இப்போது குளோர்பைரிபாஸ், பைபென்த்ரின், இமிடாகுளோபிரிட். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 6313 கட்டுமான அமைப்புக்கு ஒரு பகுதி, கட்டும்போது போடும் மருந்துக்கு ஒரு பகுதி, கட்டிய வீட்டுக்கு ஒரு பகுதி என மூன்றாகப் பேசுகிறது. கட்டும்போது தரைக்கு அடியில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அஸ்திவாரப் பக்கவாட்டில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். கட்டிய வீட்டில் சுவரும் தரையும் சேரும் மூலையில் 30 செ.மீ. இடைவெளியில் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர்.

இதைச் சரிவில் அப்படியே செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே மண்ணுக்கு அடியில் நீர் நிற்பதில்லை, இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேல்வீட்டின் அஸ்திவாரத்தைத் தொட்ட நீர் கீழ்வீட்டின் ஊற்றில் வரலாம். குளோர்பைரிபாஸும் பைபென்த்ரினும் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடும் நஞ்சு. கிணறு, ஊற்றுக்கு அருகில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லித் தரக்குறியீடே எழுதியிருக்கிறது, மழை பெய்யும்போது ஊற்றக்கூடாது என்றும் சொல்கிறது. சமவெளியிலிருந்து டேங்க்கோடு வரும் ஆட்கள் ஊற்று எங்கே என்று கேட்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

மருந்தில்லாத தடுப்புகளுக்கு மலையில் மதிப்பு அதிகம். ஆஸ்திரேலியாவில் நிரூபணமான ஒரு முறை நம் ஜல்லி கிரஷர்களுக்கே பொருந்தும்: சுமார் 1.7 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை சலித்த கருங்கல் பொடியை அஸ்திவார ஓரத்தில் பட்டையாக நிரப்புவது. துகள் கறையான் வாயால் தூக்க முடியாத பருமன். துகள்களின் இடைவெளி அதன் தலை நுழைய முடியாத சிறுமை. கண்ட மணலையும் போட்டால் பலிக்காது, அளவு முக்கியம். குழாய் நுழையும் இடங்களில் நெருக்கமான எவர்சில்வர் வலை. அஸ்திவாரத்தின் மேல் விளிம்பில் கீழ்நோக்கிச் சாய்வாக மடித்த தகடு. இது கறையானைக் கொல்லாது, சுற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வரவைக்கும். கண்ணில் பட்ட குழாயை உடைப்பது சுலபம்.

இரைப்பொறி 1990-களில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சூ முயற்சியில் சந்தைக்கு வந்தது. ஹெக்ஸாஃப்ளூமுரான் போன்ற மருந்து கலந்த தீனியைத் தொழிலாளிகள் தின்று ஊருக்கெல்லாம் ஊட்டுகின்றன. தோலுரிக்கும்போது புதுத்தோல் உருவாகாமல் சாகின்றன. சில கிராம் மருந்தில் குடியே அழியும், ஓடைக்கு ஒன்றும் போகாது. கோப்டோடெர்மிஸ் போன்றவற்றில் இது நன்றாகப் பலிக்கிறது. காளான் வளர்க்கும் வகைகள் தீனியை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. எந்த வகை வந்திருக்கிறது என்று பார்க்காமல் பொறி வாங்கக்கூடாது என்பது இதனால்தான்.

குளிரின் காவல் நிரந்தரமல்ல என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிலோமீட்டருக்கு 6 டிகிரி என்றால், சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது ஒவ்வொரு வெப்பக்கோடும் சுமார் 170 மீட்டர் மேலே ஏறும். குன்னூருக்கு அப்போது இன்றைய 1,700 மீட்டரின் தட்பவெப்பம். ஊட்டியில் "இங்கே செல்லே கிடையாது" என்று சொல்லி அஸ்திவாரத் தடுப்பு எதையும் வைக்காமல் கட்டுகிறார்கள். உள்ளே தேக்கும் இல்லை, பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும்தான். கல்பொடிப் பட்டையும் தகடும் வலையும் கட்டும்போது போட்டால் மொத்தச் செலவில் தெரியாது. கட்டிய பிறகு போட வழியே இல்லை; இரைப்பொறி பலிக்காத இடத்தில் மிஞ்சுவது துளையும் மருந்தும். அந்தத் துளையில் ஊற்றுவது கீழே யாருடைய குடிநீரில் போய்ச் சேரும் என்பதை மேல்வீட்டுக்காரர்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.